மைதாக் கஞ்சியா, ஜவ்வரிசிக் கஞ்சியா?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வாசலிலேயே அம்மாவின் அயர்ன் வண்டி நிற்கிறது. காட்டன் புடவைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பதுதான் பாதி வேலை. போன மழைக்காலம் வரை மைதாக் கஞ்சி, இப்போது ஜவ்வரிசி. மாறச் சொன்னது நான்தான்.

மைதா மலிவு. கரைத்துக் கொதிக்கவிட்டால் ஐந்து நிமிடத்தில் கஞ்சி தயார். ஜவ்வரிசியை ஊறவைத்து, கண்ணாடி போல ஆகும் வரை காய்ச்சி, வடிகட்ட வேண்டும். விறைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. கறுப்புப் புடவை என்றால் மைதா மடிப்போரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும், அதைச் சொல்லவே வேண்டாம்.

எனக்கு முடிவைத் தந்தது வாடைதான். பக்கத்துத் தெரு டீச்சர் ஒரு நீலச் சுங்குடியைக் கொண்டுவந்து, "மோந்து பாருங்கம்மா, துவைச்சு மடிச்சு வெச்சதுதான், பழைய எண்ணெய் நாத்தம் வருது" என்றார். அம்மா மடிப்பைப் பிரித்தார். வெளிப்பக்கம் ஒன்றுமில்லை. உள்மடிப்பில், முறுக்கு டப்பாவைப் பல நாள் கழித்துத் திறந்தது போன்ற காறல். இரண்டு மாதம் பீரோவில் இருந்த புடவை. கடல் காற்றும் ஈரமும் உள்ள நம் பக்கத்தில் பீரோவுக்குள்ளும் புழுக்கம்தான்.

எண்ணெயே போடாத கஞ்சியில் எண்ணெய் வாடை எங்கிருந்து வரும்? மைதாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் கொழுப்பு இருக்கிறது. ஸ்டார்ச்சை, அதாவது மாவுச்சத்தை, மட்டும் பிரித்தெடுத்தாலும் அதில் கொஞ்சம் நிற்கும். ஸ்டார்ச் நுண்ணிய மணிகளாக இருக்கும், கொழுப்பு அதில் இரண்டு இடங்களில் இருக்கிறது. மணிக்கு உள்ளே இருப்பது பெரும்பாலும் லைசோபாஸ்போலிப்பிட், நீளமான ஒரே வால் கொண்ட கொழுப்பு மூலக்கூறு. அந்த வால், ஸ்டார்ச்சில் உள்ள அமைலோஸ் என்ற நீண்ட சங்கிலியின் சுருளுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். காற்று அதைச் சுலபத்தில் தொடாது. மணியின் மேல்தோலில் ஒட்டியிருப்பது வேறு ரகம்: தனிக் கொழுப்பு அமிலங்கள், கோதுமை முற்றிக் காய்ந்தபோது சவ்விலிருந்து மிஞ்சிய, கேலக்டோலிப்பிட் எனப்படும் இரட்டை வால் கொழுப்புகள். இரட்டை வால் சுருளுக்குள் எளிதில் நுழையாது, வெளியிலேயே கிடக்கும். கோதுமைக் கொழுப்பில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அது காற்றுப் பட்டால் சிதைந்து காறல் வாடை விடும்.

இந்த உள், வெளி வித்தியாசத்தை ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் டபிள்யூ. ஆர். மாரிசன் என்ற ஆய்வாளர் கவனமாகப் பிரித்துக் காட்டினார். மேல் கொழுப்பைக் குளிர்ந்த கரைப்பானில் கழுவி எடுத்துவிடலாம். உள்ளே இருப்பதை எடுக்கப் புரொப்பனால் என்ற ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து சூடாக்க வேண்டும். கோதுமை ஸ்டார்ச்சில் 10 மைக்ரானுக்குக் குறைவான பொடி மணிகளும் நிறைய. எடைக்கு எடை அவற்றுக்கு மேற்பரப்பு அதிகம் என்பதால், கொழுப்பு ஒட்ட இடமும் அதிகம்.

நம் ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு ஸ்டார்ச்சில் செய்வது, அதில் கொழுப்பு 0.1 சதவீதத்தை ஒட்டித்தான். அதனால்தான் அது தாராளமாக ஊதித் தெளிவான கஞ்சியாகிறது. கோதுமையில் சுருளுக்குள் புகுந்த கொழுப்பு மணியை ஊதவிடாமல் பிடித்துக்கொள்ளும், கஞ்சி கலங்கலாகவே நிற்கும். கறுப்புப் புடவையில் தெரியும் வெள்ளைக்கும் அந்தக் கலங்கல் ஒரு காரணம். ஜவ்வரிசி போட்ட புடவைகளை மழை முடியும் வரை மடித்து வைத்துப் பார்த்தோம், காறல் வரவில்லை.

நடுவில் ஒன்றைச் செய்து பார்த்தேன். அல்வாவுக்கு எடுப்பது போலக் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்தேன். பசைச் சத்தெல்லாம் சக்கையோடு போய்விட்டது. தெளிய விட்டு, அடியில் படிந்ததைக் காய்ச்சிப் போட்டதில் வாடை குறைந்தது, முழுக்கப் போகவில்லை. மணியின் தோலில் இருப்பது தண்ணீருக்கு அசையாது என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒரே ஒரு புடவையில் பார்த்தது, அடித்துச் சொல்ல மாட்டேன். சோறு வடித்த கஞ்சியை இரண்டு மூன்று வேட்டிக்குத்தான் போட்டிருக்கிறோம், அதை ஜவ்வரிசியோடு ஒப்பிட எனக்கு அனுபவம் போதாது.

வெள்ளிப்பூச்சி விஷயத்தில் ஜவ்வரிசிக்கும் சலுகை இல்லை. அதற்கு எந்த ஸ்டார்ச்சும் சாப்பாடுதான். மாதக்கணக்கில் கட்டாமல் வைக்கப்போகிற புடவை என்றால் கஞ்சியே போடாமல் அலசிக் காயவைத்து மடியுங்கள். கட்டுவதற்கு முந்தின நாள் கொடுத்தால் போதும், அம்மா கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்துவிடுவார்.