மணி அடிக்கட்டும், கண் திறக்க வேண்டாம்: ஓர் உதவிச் செயலியுடன் நீண்ட நாள் அனுபவம்

ஊரைக் கட்டி, படை திரட்டி எதிராளியோடு மோதும் கணினி விளையாட்டான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷனில் இப்போதுதான் தரவரிசை ஆட்டங்களுக்கு வந்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "நீங்கள் பயன்படுத்தும் உதவிச் செயலியை நானும் நிறுவிக்கொள்ளட்டுமா? அது நியாயம்தானா?" முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்விக்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

செயலி செய்வது இரண்டே வேலை. எதை எந்த வரிசையில் உருவாக்குவது என்ற திட்டமான பில்ட் ஆர்டரைத் திரையோரத்தில் படிப்படியாகக் காட்டும். உணவும் மரமும் சேகரிக்கும் வேலையாளான வில்லேஜரில் அடுத்தவரை உருவாக்க நேரம் வந்ததும் மணி அடிக்கும். முதல் வேலையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. காகிதத்தில் எழுதி மேசையில் வைத்தாலும் அதே பலன்தான். என்னைப் பாடாய்ப் படுத்துவது அந்த மணி.

ஒரு வில்லேஜர் உருவாக 25 விநாடி ஆகும். ஆனால் அது ஆட்டத்துக்குள் ஓடும் கடிகாரத்தின் கணக்கு. தரவரிசை ஆட்டம் 1.7 மடங்கு வேகத்தில் ஓடுவதால் நம் கடிகாரத்தில் அது ஏறத்தாழ 14.7 விநாடி. செயலியோ முழு எண்ணை மட்டுமே ஏற்கிறது. 15 என்று வைத்தால் ஒவ்வொரு வில்லேஜருக்கும் 0.3 விநாடி பின்தங்கி, இருபதாவது வில்லேஜர் வரும்போது மணி கிட்டத்தட்ட 6 விநாடி தாமதமாக ஒலிக்கிறது. அதோடு முடியவில்லை. வில்லேஜர்களை வலுவாக்கும் லூம் ஆராய்ச்சிக்கு 25 விநாடி, அவர்களை வேகமாக்கும் வீல்பேரோவுக்கு 75, ஆட்டத்தின் இரண்டாம் கட்டமான ஃபியூடல் காலத்துக்கு முன்னேற 130. அந்த நேரமெல்லாம், இவை அனைத்தும் நடக்கும் மையக் கட்டடமான டவுன் சென்டரால் வில்லேஜரை உருவாக்க முடியாது. மணிக்கு அது தெரியாது. உணவுக்காகச் சீண்டிய காட்டுப்பன்றி துரத்த, வில்லேஜர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு டவுன் சென்டரை நோக்கி ஓடி வரும்போது, கண்ணை எடுக்கவே கூடாத அந்த நொடியில், எந்தத் தேவையும் இல்லாமல் அது ஒலிக்கும். பல்லைக் கடித்துக்கொள்வேன்.

இத்தனைக்கும் இந்த மணியால் என் ஆட்டம் தேறியது. காரணம் எளிது. மணி ஒரு கேள்வியை மட்டுமே எழுப்புகிறது. போய்ப் பார்ப்பதும், உணவு 50 இருக்கிறதா என்று கணக்கிடுவதும், பன்றியை விட்டுவிட்டுப் போகலாமா என்று முடிவெடுப்பதும் என் பொறுப்பு. நாளடைவில் மணி ஒலிக்கும் முன்பே கை தானாக டவுன் சென்டருக்குப் போகத் தொடங்கியது.

அண்மையில் வந்த புதிய பதிப்பு, நான் பட்ட எரிச்சலை முற்றாகத் தீர்த்துவிட்டது. இப்போது செயலி திரையைப் பார்க்கிறது. உற்பத்தி வரிசை காலியாகப் போகும்போது மட்டுமே ஒலி எழுப்புகிறது. லூம் நடந்தால் வாய் மூடியிருக்கிறது. மக்கள்தொகை வரம்பு நெருங்கினால் வீடு கட்டச் சொல்கிறது. திரை மூலையிலுள்ள சிறு வரைபடமான மினிமேப்பின் ஓரத்தில் எதிரியின் நிறம் தெரிந்தால் எச்சரிக்கிறது. கணினிக்கு எதிராக ஆடிப் பார்த்தேன்; ஒருமுறைகூடத் தவறான மணி இல்லை. தயாரிப்பு என்ற அளவில் குறை சொல்ல இடமே இல்லை. இந்த வகையில் நான் பயன்படுத்தியவற்றில் இதுதான் மிகச் சிறந்தது.

இதைத்தான் போட்டி ஆட்டங்களில் தடை செய்ய வேண்டும் என்கிறேன்.

உணவு, மரம், தங்கம், கல் ஆகியவற்றைப் போலவே நம் கவனமும் இந்த விளையாட்டில் ஒரு செல்வம். எதிராளி மூன்று குதிரை வீரர்களை என் மரவெட்டிகளிடம் அனுப்புவது இரண்டு வில்லேஜரைக் கொல்வதற்காக மட்டுமல்ல. என் கண்ணை டவுன் சென்டரிலிருந்து பிடுங்குவதற்காகவும்தான். நான் அங்கே தடுமாறும்போது இங்கே உற்பத்தி நின்றுபோனால், அந்த இழப்பு அவருடைய திறமைக்குக் கிடைத்த பலன். திரையைப் பார்க்கும் செயலி அந்தப் பலனை அவருக்குத் தெரியாமலே என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இதைப் பயிற்சி உதவி என்று அழைப்பவர்கள் மீது எனக்குக் கோபம்தான் வருகிறது.

விளையாட்டே இப்படிப்பட்ட உதவிகளைத் தரவில்லையா என்று கேட்பார்கள். தருகிறது. 1999இல் வந்த மூல விளையாட்டில் வயலை ஒவ்வொரு முறையும் நாமே மீண்டும் விதைக்க வேண்டும். இப்போது அது தானாக நடக்கிறது. தானாகவே நிலத்தை உளவு பார்க்கும் வசதியும் வந்துவிட்டது. 1998இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் என்ற இதே வகை விளையாட்டில் ஒரே நேரத்தில் 12 வீரர்களுக்கு மேல் தேர்ந்தெடுக்க முடியாது. 2010இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. இவற்றில் எனக்கு வருத்தம் இல்லை. இரு தரப்புக்கும் ஒரே நாளில், ஒரே அளவில் கிடைத்தவை அவை.

சதுரங்கத்தைப் பாருங்கள். பலகைக்கு முன் அமர்ந்து ஆடும்போது குறிப்புத் தாளைப் பார்ப்பதையே சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகள் தடுக்கின்றன. சர்வதேச அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்போ நகர்வுகளைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி எஞ்சினையே அனுமதிக்கிறது. இரண்டுமே நேர்மையான ஆட்டங்கள்தாம், ஏனென்றால் எதிரில் இருப்பவரிடம் என்ன இருக்கும் என்பது தொடங்கும் முன்பே இருவருக்கும் தெரியும். தரவரிசை ஆட்டத்தில் எனக்கு எதிராக ஆடுபவருக்கு அது தெரிய வழியே இல்லை.

தடையை எப்படி அமல்படுத்துவது என்பது கடினமான கேள்விதான். 2023 பிப்ரவரியில் வால்வ் நிறுவனம் தன் டோட்டா 2 விளையாட்டில் ஏமாற்று மென்பொருள் பயன்படுத்திய 40,000க்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கியது. சாதாரண ஆட்டத்தில் ஒருபோதும் படிக்கப்படாத தரவுப் பகுதியொன்றை வைத்து, அதைப் படித்தவர்களைப் பிடித்தார்கள். திரையை மட்டும் பார்க்கும் செயலி விளையாட்டின் உள்ளே கையே வைப்பதில்லை. அந்தப் பொறியில் சிக்காது. பிடிப்பது கடினம் என்பதற்காக அனுமதித்துவிட முடியாது. பரிசுத் தொகை உள்ள போட்டிகளின் விதிப்புத்தகத்திலாவது இது தெளிவாக எழுதப்பட வேண்டும்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: பழைய பதிப்பைத் தாராளமாக நிறுவுங்கள். புதியது அதைவிடப் பல மடங்கு நல்லது. அதைத் தரவரிசை ஆட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். நான் பழைய பதிப்புக்கே திரும்பிவிட்டேன், அந்த மணி இன்றும் தப்பான நேரத்தில் அடித்து என் உயிரை வாங்குகிறது.

உருவாக்கியவர்களிடம் இரண்டு கோரிக்கைகள். விநாடிக் கட்டத்தில் தசமப் புள்ளியை அனுமதியுங்கள். அந்தப் புதிய கண்ணை, முடிந்த ஆட்டத்தின் பதிவை ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் திறந்து, டவுன் சென்டர் எந்தெந்த நொடிகளில் சும்மா இருந்தது, அப்போது நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பட்டியல் போடச் செய்யுங்கள். அதற்கு எவ்வளவு விலை வைத்தாலும் முதல் ஆளாக வாங்குவேன்.