சூரியனுக்குள் நியூட்ரலினோ: ஐஸ்கியூபா, சூப்பர் காமியோகாண்டேவா?

தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடித் துகள் உண்டு என்கிற சூப்பர் சிமெட்ரி கோட்பாடு சரியென்றால், ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் கரும்பொருளாக இருக்க நல்ல வாய்ப்புள்ள துகள் நியூட்ரலினோ. பால்வீதியில் திரியும் ஒன்று சூரியனைக் கடக்கும்போது ஒரு புரோட்டானில் மோதி வேகம் இழந்தால், ஈர்ப்பில் மாட்டிக்கொண்டு மெல்ல மையத்தில் போய் அடையும். தனக்குத் தானே எதிர்த்துகள் என்பதால் அங்கே இரண்டு சந்தித்தால் இரண்டும் அழியும். அந்த அழிவின் விளைவுகளில் சூரியனைத் துளைத்துக்கொண்டு நம்மிடம் வரக்கூடியது, எதோடும் அரிதாகவே மோதும் நியூட்ரினோ மட்டுமே. சூரியனின் அணுப்பிணைவில் பிறக்கும் நியூட்ரினோக்கள் 20 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டுவதில்லை. அதைவிட ஆயிரம் மடங்கு ஆற்றலோடு ஒரு கூட்டம் அந்தத் திசையிலிருந்து வந்தால், சாக்குச் சொல்லித் தப்பிப்பது கஷ்டம். இந்த வழியில் எனக்குப் பிடித்ததே அதுதான். அந்தக் கூட்டத்தைப் பிடிக்க எந்த நியூட்ரினோ தொலைநோக்கி மேல் என்பதுதான் கேள்வி.

ஜப்பானின் காமியோகா சுரங்கத்தில், 1,000 மீட்டர் பாறைக்குக் கீழே இருக்கிறது சூப்பர் காமியோகாண்டே. 50,000 டன் நீர், தொட்டியின் உட்சுவர் முழுக்க 11,000-க்கும் மேற்பட்ட ஒளி உணர் குழாய்கள். குழாய்கள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் நியூட்ரினோ மோதிப் பிறக்கும் துகள் நீரில் பாயும்போது வளையமாக விடும் மங்கலான செரன்கோவ் ஒளிகூடத் தப்பாது. வளையத்தின் விளிம்பு கூர்மையாக இருந்தால் மியூவான் (எலக்ட்ரானின் கனமான உறவுத் துகள்), கலைந்திருந்தால் எலக்ட்ரான் என்று பிரித்துவிடலாம். குறை என்னவென்றால் அளவு. தொட்டியின் உயரமே 41 மீட்டர்தான். 1,000 கோடி எலக்ட்ரான் வோல்ட் மியூவான் நீரில் ஓடும் தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே புரோட்டானைப் போல 10, 20 மடங்கு நிறையுள்ள லேசான துகள்களைத் தேடுவதில் இது கெட்டி.

தென் துருவத்து ஐஸ்கியூப் இதற்கு நேர் எதிர். ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டி, 86 கம்பிவடங்கள், 5,160 உணரிகள். வடத்துக்கு வடம் 125 மீட்டர் இடைவெளி. ஆற்றல் குறைந்த மியூவான் யார் கண்ணிலும் படாமல் நடுவில் புகுந்து போய்விடும். அதற்காகத்தான் மையத்தில் நெருக்கமான டீப்கோர் பகுதியை அமைத்தார்கள்.

அப்புறம் சூரியனின் போக்கு. துருவத்தில் அது அடிவானத்திலிருந்து 23.5 பாகைக்கு மேல் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் மியூவான்கள் மேலிருந்து ஓயாமல் கொட்டுகின்றன. மார்ச் முதல் செப்டம்பர் வரை சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருப்பதால் பூமியே வடிகட்டி. மற்ற ஆறு மாதம் வெளிவடங்களைக் காவலுக்கு வைத்து, டீப்கோருக்குள்ளேயே தொடங்கும் நிகழ்வுகளை மட்டும் பொறுக்க வேண்டும். காமியோகாவில் தினமும் இரவு வருகிறது, தலைக்குமேல் மலையும் இருக்கிறது. இந்தத் தொல்லை அங்கே குறைவு.

மத்தியதரைக் கடலுக்கடியில் இருந்த இன்னொரு நியூட்ரினோ தொலைநோக்கியான ஆன்டாரெஸ் 2022-இல் நிறுத்தப்பட்டது. கடல்நீரில் ஒளி அதிகம் சிதறாது, திசை துல்லியமாகக் கிடைக்கும். கடல்நீரில் கரைந்துள்ள கதிரியக்கப் பொட்டாசியம்-40-உம் ஒளிரும் உயிரினங்களும் போடும் இரைச்சல்தான் தலைவலி.

உண்மையான போட்டி நேரடித் தேடலோடு, அதாவது கரும்பொருள் துகள் பூமியில் ஒரு கருவியின் அணுவில் மோதுகிறதா என்று பார்ப்பதோடு. அணுக்கருவின் தற்சுழற்சியை (ஸ்பின்) சாராத மோதல் என்றால் பேச்சே இல்லை: கனமான செனான் அணுக்கரு முழுவதும் சேர்ந்து துகளுக்கு ஈடு கொடுப்பதால், அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் உள்ள எல்இசட் போன்ற செனான் கருவிகளை நியூட்ரினோ தொலைநோக்கிகள் நெருங்கவே முடியாது. தற்சுழற்சியைச் சார்ந்த மோதலில்தான் நிலைமை மாறுகிறது. சூரியனின் பெரும்பகுதி ஹைட்ரஜன், அதாவது தற்சுழற்சியுள்ள தனிப் புரோட்டான்கள். அங்கே ஐஸ்கியூபின் எதிராளி, கனடாவில் ஃப்ளோரின் கலந்த சேர்மத் திரவத்தில் குமிழி எழுகிறதா என்று பார்த்த பிகோ-60. கனமான நியூட்ரலினோ அழிந்து டபிள்யூ போசான், டௌ போன்ற, சிதையும்போது ஆற்றல்மிக்க நியூட்ரினோக்களைத் தரும் துகள்களைத் தந்தால், எதுவும் சிக்காததிலிருந்து ‘மோதல் இதைவிட அடிக்கடி நடக்க முடியாது’ என்று ஐஸ்கியூப் வைத்த வரம்பு இறுக்கமானது. பாட்டம் குவார்க்குகளைத் தந்தால் பிகோ முந்துகிறது. எதைத் தரும் என்பதை நாமே ஊகித்துக்கொள்கிறோம், சரி, அது பலவீனம்தான். ஆனால் மெதுவாக நகரும் துகள்களை நேரடிக் கருவிகள் உணர்வதே அரிது. சூரியனோ அவற்றைத்தான் எளிதாகப் பிடிக்கிறது, அதுவும் 460 கோடி ஆண்டுகளாக.

கரும்பொருள் எதுவானாலும் சரி என்றால் சூப்பர் காமியோகாண்டேவை ஒதுக்க மாட்டேன். தேடுவது நியூட்ரலினோவைத்தான் என்றால் என் ஓட்டு ஐஸ்கியூபுக்கு, ஏனென்றால் வழக்கமான சூப்பர் சிமெட்ரி மாதிரிகளில் அது அவ்வளவு லேசாக இருப்பது கடினம். ஆனால் ஐஸ்கியூபுக்கும் உச்சவரம்பு உண்டு: லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட்டை நெருங்கும் நியூட்ரினோக்களைச் சூரியனே பெருமளவு விழுங்கிவிடுகிறது.