பரோல் விசாரணைக்குக் குடும்பத்தாரைத் தயார்செய்யும் வகுப்பு: ஐந்து சனிக்கிழமைகளின் அனுபவம்

கலிஃபோர்னியா மாநிலச் சிறைகளில் ஆயுள் தண்டனை அனுபவிப்பவர்களின் குடும்பங்களுக்காகத் தன்னார்வ வழக்கறிஞர்கள் சிலர் நடத்தும் இலவச இணையவழி வகுப்பில் 2025 செப்டம்பரில் என் அக்காவும் நானும் சேர்ந்தோம். சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம், மொத்தம் ஐந்து வகுப்புகள். அக்காவின் மகன் இரண்டாம் தரக் கொலைக்காக (முன்கூட்டித் திட்டமிடாத கொலை) ‘15 ஆண்டு முதல் ஆயுள் வரை’ என்ற தண்டனையில் இருக்கிறான்; அதாவது, குறைந்தபட்சக் காலத்துக்குப் பிறகு பரோல் கிடைத்தால்தான் வெளியே வர முடியும், இல்லையென்றால் ஆயுள் முழுக்கச் சிறைதான். அவனுடைய முதல் பரோல் விசாரணைக்கு நான்கு மாதங்களே இருந்தபோதுதான் இப்படி ஒரு வகுப்பு இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது.

தமிழ்ச் செய்திகளில் பரோல் என்றால், வீட்டில் ஒரு கல்யாணத்துக்கோ சாவுக்கோ சில நாள் வெளியே வந்துவிட்டுச் சிறைக்குத் திரும்பும் விடுப்பு என்றே பொருள். அமெரிக்காவில் அந்தச் சொல், தண்டனையின் மீதிக் காலத்தை நிபந்தனைகளோடும் கண்காணிப்போடும் வெளியில் கழிக்க அனுமதிக்கும் விடுதலையைக் குறிக்கிறது. முதல் வகுப்பிலேயே இதைவிடப் பெரிய தவறான எண்ணம் ஒன்று எங்களிடமிருந்து அகன்றது. விசாரணை என்றதும் நாங்கள் இன்னொரு நீதிமன்றத்தைக் கற்பனை செய்துகொண்டு, அங்கே அவனுக்காக வாதாட வேண்டும், கருணை கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தோம். குற்றம் நடந்ததா என்பது ஏற்கெனவே முடிந்துபோன கேள்வி என்றும், விடுதலையை முடிவுசெய்யும் பரோல் வாரியம் கேட்பது ‘இந்த மனிதர் இன்று வெளியே வந்தால் பிறருக்கு ஆபத்தா?’ என்பதை மட்டுமே என்றும் பாடம் நடத்திய வழக்கறிஞர் விளக்கினார். குற்றம் எவ்வளவு கொடியது என்பதை மட்டுமே காட்டி விடுதலையை மறுக்க முடியாது, அது இன்றைய ஆபத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2008இல் லாரன்ஸ் வழக்கில் சொன்ன தீர்ப்பை அவர் பொறுமையாக எடுத்துச் சொன்ன விதத்தை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

இந்த வகுப்பின் உயிர் மூன்றாம் சனிக்கிழமையில் இருக்கிறது. பரோல் விசாரணைகளின் எழுத்துப் பதிவுகள் பொது ஆவணங்கள் என்பதால், பெயர்களை மறைத்த ஒரு பழைய பதிவை எடுத்து, ஆளுக்கொரு பாத்திரமாக எங்களை வாசிக்கவைத்தார்கள். வாரியத்தின் சார்பில் விசாரித்து முடிவெடுக்கும் ஆணையர் ஒருவர், துணை ஆணையர் ஒருவர், வழக்கு நடந்த மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர், சிறைவாசியின் வழக்கறிஞர், இறந்தவரின் உறவினர் என எல்லோரும் அதில் உண்டு. சிறைவாசியின் தாய் மட்டும் இல்லை. அவனுடைய குடும்பத்தார் விசாரணையில் உட்கார முடியாது, 2020 முதல் பெரும்பாலும் காணொளியில் நடக்கும் அதை வெளியிலிருந்து பார்க்கவும் முடியாது என்று அறிந்தபோது அக்கா வெகுநேரம் பேசவில்லை. பாதிக்கப்பட்டவரின் உறவினருக்கோ அங்கே பேசும் உரிமை உண்டு. அந்தப் பகுதியை வாசிக்கும் பொறுப்பு அக்காவுக்கே வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் தம்பியை இழந்த ஒருவரின் சொற்களை அவர் குரல் நடுங்க வாசித்து முடித்தபின், “நான் இதுவரைக்கும் அந்த வீட்டைப் பத்தி நினைச்சதே இல்ல தம்பி” என்றார். எந்தப் பாடக்குறிப்பும் இதைச் செய்திருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

ஆணையர்கள் ‘இன்சைட்’ என்ற ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். தான் ஏன் அப்படிச் செய்தோம், எந்தக் குணம் அதற்கு வழிவிட்டது, அது மறுபடி தலைதூக்கினால் என்ன செய்வோம் என்பதைச் சிறைவாசி தெளிவாக அறிந்திருப்பதே அதன் பொருள். ‘அது ஒரு விபத்து’, ‘சேர்க்கை சரியில்லை’ என்ற பதில்கள் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படும். வாரியத்துக்கு அனுப்ப அக்கா ஏற்கெனவே எழுதிவைத்திருந்த ஆதரவுக் கடிதம் முழுக்க இந்த இரண்டு வாக்கியங்கள்தான். மகன் சிறையில் பல ஆண்டுகள் முயன்று ஏற்றுக்கொண்ட பொறுப்பைத் தாயின் கடிதமே மறுத்துவிடும் என்று சுட்டிக்காட்டி, வழக்கறிஞர் அதை மூன்று முறை திருத்தி எழுதவைத்தார். கடைசி வடிவத்தில் அவன் எந்த அறையில் தங்குவான், வேலைக்கு யார் அழைத்துப்போவார், முதல் ஆறு மாதச் செலவை யார் ஏற்பார், மது அருந்தும் எண்ணம் வந்தால் முதலில் யாரை அழைப்பான் என்பவை இருந்தன. கண்ணீர் ஒரு வரியில் அடங்கியது.

விசாரணைக்கு முன் உளவியலாளர் தரும் ஆபத்து மதிப்பீட்டையும், மறுக்கப்பட்டால் அடுத்த விசாரணை 3, 5, 7, 10 அல்லது 15 ஆண்டுகளுக்குத் தள்ளிப்போவதையும், முன்கூட்டியே விசாரிக்கக் கோரும் மனுவையும் நான்காம் வகுப்பு போதுமான அளவு விளக்கியது. அனுமதி கிடைத்தாலும் அன்றே கதவு திறந்துவிடாது. வாரியத்தின் மறுபரிசீலனைக்கு 120 நாள்கள் வரையும், கொலை வழக்குகளில் அதன்பின் ஆளுநருக்கு 30 நாள்களும் உண்டு. அவர் அந்த முடிவை மாற்றலாம். இதை அறியாத குடும்பங்கள் முதல் நாளே கொண்டாடிவிட்டு உடைந்துபோவதுண்டாம்.

என் குறை ஐந்தாம் வகுப்பைப் பற்றியது. கூட்டாட்சிச் சிறைகளிலிருந்து, அதாவது அமெரிக்க மத்திய அரசின் சிறைகளிலிருந்து, வருபவர்களுக்கான மேற்பார்வை விடுதலைக்கு இருபது நிமிடங்களே ஒதுக்கினார்கள். 1987 நவம்பர் 1 முதல் செய்யப்பட்ட கூட்டாட்சிக் குற்றங்களுக்குப் பரோலே கிடையாது. அங்கே சிறைத்தண்டனையை முழுமையாக முடித்தபின் கண்காணிப்புக் காலம் தனியே தொடங்குகிறது, நிபந்தனை மீறப்பட்டதாகப் புகார் வந்தால் வாரியத்திற்குப் பதிலாக நீதிபதியே விசாரிக்கிறார். நடுவர் குழு கிடையாது. ‘நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்ற அளவு சான்று போதும். மூலக் குற்றத்தின் தரத்தைப் பொறுத்துப் பெரும்பாலும் 1, 2, 3 அல்லது 5 ஆண்டுகள் வரை மறுபடி சிறை. முந்தையது வெளியே வரக் கேட்கும் விசாரணை, இதுவோ உள்ளே திரும்பாமல் தடுக்கும் விசாரணை. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால், எங்களோடு படித்த, கூட்டாட்சி வழக்கில் மகனை வைத்திருந்த ஒரு தாய் கடைசிவரை குழப்பத்தோடுதான் இருந்தார். கொடுத்த குறிப்பேடும் பழையது. மேற்பார்வை விடுதலையை ரத்துசெய்யும்போது மூலக் குற்றத்துக்குப் பழிதீர்க்கும் நோக்கை நீதிபதி கணக்கில் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் அளித்த தீர்ப்பு அதில் இல்லை. அந்தத் தாய்க்கு மிகவும் தேவைப்பட்ட வரி அதுவாகவே இருந்திருக்கும். இப்பகுதியைத் தனி வகுப்பாக்க வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் பையனுக்கு மூன்று ஆண்டு மறுப்பு வந்தது. அதனால் இந்த வகுப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பதிவு கைக்கு வந்ததும், வகுப்பில் பழகிய முறையிலேயே அக்காவும் நானும் அதை வரிவரியாக வாசித்தோம். தங்குமிடமும் குடும்ப ஆதரவும் உறுதியாக இருப்பதாக ஆணையர் பதிவுசெய்திருந்தார். கோபத்தின் வேர் எது என்ற கேள்விக்கு அவன் அளித்த பதில்தான் போதவில்லை. என்ன சரியாக இருந்தது, எது குறைந்தது என்று எங்களால் பிரித்துப் பார்க்க முடிந்தது. நான்கு மாதம் இருக்கும்போது சேர்வது தாமதம். ஓராண்டுக்கு முன்பே சேருங்கள். வகுப்பு ஆங்கிலத்தில் வேகமாகப் போகும் என்பதால், வயதானவர்கள் பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரை உட்காரவைத்துக்கொள்வது நல்லது. அக்கா அடுத்த தொகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்; அவருக்கு அருகில் நானும் உட்காருவேன்.