உள்ளடக்கப் பட்டியல் பிளகின்: மூன்று தைப்பூசம் பார்த்த பிறகு

பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கும் தோழி ஒருத்தி தன் சமையல் குறிப்புகளுக்காக ஒரு தளம் தொடங்கியிருக்கிறாள். போன வாரம் புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டாள்: "அண்ணே, கட்டுரைக்கு மேலே தலைப்பெல்லாம் வரிசையா வருமே, அந்தப் பிளகின் நீங்க ரொம்ப நாளா வச்சிருக்கீங்க. சந்தா கட்டி வாங்கலாமா?" ஒரு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வேர்ட்பிரஸ் தளத்தோடு சேர்க்கும் இந்தத் துணைநிரலை 2022 கடைசியில் வாங்கினேன். என் தளத்தில் பினாங்குக் கோயில்களையும் திருவிழாக்களையும் பற்றி எழுதி வருகிறேன். அதிகம் பேர் வந்து படிப்பது தைப்பூச வழிகாட்டி. 1894 முதல் ஓடும் வெள்ளித்தேர் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து கிளம்பும். 2017-இல் வந்த தங்கத்தேர் குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து கிளம்பும். இரண்டும் தண்ணீர்மலைக்குத்தான் போகின்றன என்பதால் வெளியூர்க்காரர்கள் குழம்பிவிடுவார்கள். பந்தல்கள், பால்குடம், வண்டி நிறுத்துமிடம், மலைக்கோயிலின் 513 படி என்று எல்லாம் ஒரே கட்டுரையில் இருக்கிறது. படிக்க வருபவருக்கோ இதில் ஏதாவது ஒன்றுதான் வேண்டும், அதுவும் கூட்டத்துக்கு நடுவே, கைப்பேசியில்.

பட்டியல் வந்ததும் முதலில் மாறியது என் எழுத்து. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. துணைத்தலைப்புகள் வரிசையாக நின்றபோது, "சில தகவல்கள்", "மேலும் சில தகவல்கள்" என்று நான் வைத்திருந்ததெல்லாம் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்தது. உட்கார்ந்து மாற்றினேன். "வெள்ளித்தேர் எந்த வழியாகப் போகும்?", "படி ஏறும் முன் தெரிய வேண்டியவை" என்று கேள்வியும் பொருளும் உள்ள தலைப்புகளாக வைத்தேன். ஒரே பத்தியில் மூன்று விஷயத்தைத் திணித்திருந்த இடங்களும் கண்ணில் பட்டன. நீண்ட பக்கம் என்றாலே கைப்பேசியை என்னிடம் நீட்டிவிடும் அம்மா, பட்டியலில் விரலை வைத்துத் தானே தேடிக்கொண்டார். "பின்னாடி பக்க எண் போட்ட புத்தகம் மாதிரி இருக்குடா" என்றார். அதற்கே சந்தா கட்டலாம் என்று அன்று தோன்றியது.

தேடலிலும் பயன் இருக்கிறது. தேடல் முடிவுக்குக் கீழே கட்டுரையின் ஒரு பகுதிக்கே நேராகத் தாவும் இணைப்பை கூகுள் 2009 முதல் காட்டிவருகிறது. கேட்டு வாங்க முடியாது. தலைப்புகள் எச்2 (தலைப்பு), எச்3 (அதற்குள் துணைத்தலைப்பு) என்று ஒழுங்காக அடுக்கியிருந்தால் வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். எனக்குத் தங்கத்தேர் பகுதி அப்படி வந்தது. பக்கத்தின் உச்சியில் "முகப்பு, திருவிழாக்கள், தைப்பூசம்" என்று காட்டும் பிரெட்கிரம்ப் வரிசையை 2025 ஜனவரியில் கைப்பேசித் தேடல் முடிவுகளிலிருந்து கூகுள் எடுத்துவிட்டது. ஆனாலும் வாசகர் பின்னால் போக உதவுவதால் நான் வைத்திருக்கிறேன்.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

இந்த வகைக் கருவிகள் தலைப்பிலிருந்தே அந்தப் பகுதிக்கு ஒரு முகவரியை உண்டாக்குகின்றன. தமிழில் அது நீளும். "தைப்பூசம்" நமக்கு ஐந்தெழுத்து. யூனிகோடில் அது ஒன்பது குறியீடு, ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகும். ஆக, ஒரு சொல் 81 எழுத்தாகிப் புலனத்தில் போய் விழும். இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். 2025 தைப்பூசம் பிப்ரவரி 11-ஆம் தேதி. அதற்கு இரண்டு வாரம் முன் ஒரு புதுப்பிப்பு வந்தது. அதன் பிறகு புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாவற்றையும் தேவையற்ற குறி என்று அந்த நிரல் கழற்றிப் போட்டுவிட்டது. "வெள்ளித்தேர்" "வளளததர" ஆனது. "தேர்", "தரை", "தீர" மூன்றுமே "தர". நம் மொழியில் புள்ளி எழுத்தின் உறுப்பு. அதை எடுத்துவிட்டால் சொல்லே இல்லை. இதைத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை கேட்டிருந்தால் போதும்.

முகவரி மாறியதால், இரண்டு ஆண்டாகக் குழுக்களில் பகிரப்பட்ட இணைப்புகள் எல்லாம் கட்டுரையின் உச்சியில் போய் நின்றன. பிழைச் செய்தி எதுவும் வராது. உலாவி பேசாமல் மேலேயே நின்றுவிடும். பழைய முகவரியிலிருந்து புதியதற்குச் சர்வரில் திருப்பிவிடவும் வழியில்லை, ஏனென்றால் எண் குறிக்கு (#) பின்னால் வரும் பகுதி சர்வருக்குப் போவதே இல்லை. வண்டி நிறுத்துமிடம் தேடி அந்த இணைப்பைத் தொட்டவர்களுக்குத் தேரின் வரலாறுதான் கிடைத்தது. ஆதரவுப் பிரிவுக்கு மூன்று கடிதம் எழுதினேன். "உங்கள் மொழி அமைப்பைச் சரிபாருங்கள்" என்று ஒரே பதில்.

நியாயமாகச் சொன்னால், தாவும்போது மேல்பட்டை தலைப்பை மறைக்கிறதே என்ற என் பழைய புகார் இவர்கள் தவறில்லை. ஸ்க்ரோல்-மார்ஜின்-டாப் என்று, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி சேர்த்ததும் தீர்ந்தது. கருவி வேகமாகவும் இருக்கிறது. என் எழுத்துக்கு இதைப்போல நன்மை செய்த பொருள் வேறு இல்லை.

ஆனாலும் தங்கச்சி, வாங்காதே. வேர்ட்பிரஸ் எடிட்டரில் ஒவ்வொரு தலைப்புக்கும் எச்டிஎம்எல் ஆங்கர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் ஆங்கில எழுத்தில் சின்னதாக ஒரு பெயர் போடு, போட்டபின் மாற்றவே மாற்றாதே. பட்டியலைக் கையாலேயே எழுதி ஒவ்வொரு வரியையும் அந்தப் பெயருக்கு இணைத்துவிடு. ஒரு ரசக் குறிப்புக்கு ஐந்து நிமிடம் ஆகும். என் தைப்பூசக் கட்டுரையை இப்படி மாற்றிவிட்டேன். இன்னும் 26 கட்டுரை பாக்கி. அடுத்தது நவராத்திரி.