தூரிகையா, போதை மீட்பு ஆலோசனையா: புதுச்சேரிப் பக்கம் படிக்க நினைப்பவர்களுக்கு

பிளஸ் டூ முடித்ததும் நுண்கலைக்கு நேர்வழி உண்டு: அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் 4 ஆண்டுப் பட்டம். ஆலோசனைக்குச் சுற்றுவழிதான். சமூகப்பணியிலோ உளவியலிலோ பட்டம், முதுகலை, பிறகு மறுவாழ்வு மையத்தில் களப்பயிற்சி.

ஓவியத்தில் தப்பு கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் வண்ணத்தில் அடிப்பூச்சுக்கு டர்பன்டைன் அதிகம், மேலே போகப் போக ஆளிவிதை எண்ணெய் அதிகம். மாற்றிப் பூசினால் மேலடுக்கு முதலில் இறுகி, வெடிப்பு விழும். களிமண் சிற்பத்தை ஈரத்தோடு சூளையில் வைத்தால் நீராவி அதை உடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே எதுவும் சீக்கிரம் காயாது. அவசரப்படாதீர்கள்.

ஆலோசனையில் தப்பு உயிரோடு விளையாடும். தினமும் அதிகம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் 2 நாளுக்குள் வரும்; பிதற்றல் 2 முதல் 4 நாளில். அங்கே டாக்டர்தான் முதலில், பேச்சு அப்புறம். குடிப்பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ (AUDIT) தாளில் 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே கவனிக்க வேண்டும். கேட்கும் விதமும் ஒரு கைத்தொழில்தான். “ஏன்யா குடிக்கிற?” என்றால் வாய் மூடிக்கொள்ளும். “குடிக்காத அன்னிக்கு வீட்ல எப்படிண்ணே இருக்கும்?” என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள், பேசுவார்.

செலவு? வண்ணம், கேன்வாஸ் என்று ஓவியம் மாதாமாதம் கேட்கும். ஆலோசனை கேட்பது மனத்தெம்பு. இரண்டையும் சேர்க்க ஆசைப்பட்டால், கலைவழிச் சிகிச்சைக்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஓவியப் பட்டம் மட்டும் போதாது.