எஃப்.இ.எல். விளக்கும் நானும்: ஏழு வருடக் கணக்கு

எஃப்.இ.எல். என்பது ஒளி அளக்கும் கருவிகளைச் சரிபார்க்க அளவுகோலாக வைக்கும் விளக்கு. பார்க்கச் சாதாரண 1000 வாட் டங்ஸ்டன் ஹாலஜன் பல்புதான். ஆனால் 500 மி.மீ. தள்ளி, சொன்ன கரன்ட்டில் எரித்தால் எந்த அலைநீளத்தில் எவ்வளவு கதிர்வீச்சு விழும் என்று ஒரு சான்றிதழோடு வரும். தேசிய அளவியல் ஆய்வகங்கள் தங்கள் அளவுகளைத் தங்களுக்குள் ஒப்பிட்டுக்கொள்வதும் டங்ஸ்டன் விளக்குகளை வைத்துத்தான். பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகம் (என்.பி.எல்.) நடத்திய சி.சி.பி.ஆர்-கே1.ஏ என்ற சர்வதேச ஒப்பீடு 250 முதல் 2500 நானோமீட்டர் வரை போனது.

எங்களிடம் மூன்று பல்புகள். ஒரு முறை அவற்றை இரண்டு நாட்டு ஆய்வகங்களுக்கு அடுத்தடுத்து அனுப்பினோம். 250 நானோமீட்டரில் எண்கள் 1.8% விலகின. யாரோ தப்பு என்று குதித்தேன். இரண்டு பேருமே ±1.5% நிச்சயமின்மை போட்டிருந்தார்கள். இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 2.1%. 1.8% அதற்குள் அடங்கிவிடுகிறது. சண்டையே இல்லை!

உண்மையான பிழை எங்கள் மேசையில் இருந்தது. நாங்கள் அளந்தால் மட்டும் எல்லா அலைநீளத்திலும் சான்றிதழை விட ஒரே மாதிரி 1.2% கூடுதல். கரன்ட்டில் பிசகு என்றால் புற ஊதாப் பக்கம் போகப் போக வித்தியாசம் ஏறும், அங்கே 0.1% கரன்ட் பிழையே சுமார் 1% ஆகிவிடும். எல்லா இடத்திலும் சமமாக இருந்தால் தூரத்தைச் சந்தேகப்பட வேண்டும். பார்த்தால், சான்றிதழ் தூரத்தை விளக்கின் கம்பிக் கால்களின் முன்பக்கத்திலிருந்து சொல்கிறது. நாங்கள் இழையிலிருந்து அளந்திருக்கிறோம். விளக்கு 3 மி.மீ. கிட்டே வந்துவிட்டது, அவ்வளவுதான். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்ற விதி மன்னிக்காது.

மற்றபடி தொல்லை குறைவு. கரன்ட்டை மெதுவாக ஏற்ற வேண்டும், அரை மணி நேரம் சூடாக விட வேண்டும், பல்பின் குவார்ட்ஸ் கண்ணாடியில் விரல் படவே கூடாது.

பிடிக்காதது பயணம். பார்சலில் போய்வந்த ஒரு பல்பு இழை அசைந்து, நீலப் பக்கம் மங்கித் திரும்பியது. மற்ற இரண்டோடு ஒப்பிட்டதால்தான் தெரிந்தது. ஒற்றைப் பல்பு வைத்திருந்தால் சான்றிதழை நம்பி ஏமாந்திருப்போம். ஒப்பீடுகளில் விளக்கு போகும் முன்னும் திரும்பிய பின்னும் அளப்பது எதற்கென்று அப்புறம்தான் உறைத்தது.

இப்போது எரிந்த மணிக்கணக்கு நோட்டு கட்டாயம். மூன்றாவது பல்பு 6 மணி நேரம்தான் எரிந்திருக்கிறது. அதை நான் இல்லாதபோது யாரும் எடுப்பதில்லை.