தம்பியின் மேல்முறையீட்டை நடத்திய வழக்கறிஞர்

கைது செய்ய வந்த காவலரைத் தள்ளியதாகத் தம்பிக்குத் தண்டனை. மணிக்கட்டு முறிந்ததோ அவனுக்கு. மேல்முறையீட்டுக்கு இவரிடம் போனோம். "அங்கே பொதுவாகப் புதுச் சாட்சி கிடையாது, கீழ் நீதிமன்றப் பதிவில் இருப்பதுதான் நம் பலம்" என்று முதல் நாளே தெளிவாகச் சொன்னார். அப்புறம் முழுப் பதிவையும் வரிவரியாகப் படித்தார். கையை முறுக்கிய பிறகுதான் தம்பி தள்ளினான் என்று குறுக்கு விசாரணையில் காவலரே ஒப்புக்கொண்ட ஒரு வரி! தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. வாதம் முழுக்க அதன்மேல்தான் நின்றது. காவலர்கள் வேறு வழியே இல்லாதபோது மட்டும், அதுவும் தேவையான அளவுக்கே பலத்தைப் பயன்படுத்தலாம் என்ற 1990 ஐ.நா. கோட்பாடுகளையும் எடுத்துக்காட்டினார். போனை எடுக்கத்தான் தாமதம் ஆகும். சரி, மனு கெடுவுக்கு முன்பே போய்விட்டது. தண்டனை ரத்தானது. அன்றிரவுதான் அம்மா நிம்மதியாகத் தூங்கினார்.